நாலு பாயிண்டு காத்து

சார், மணி என்ன ஆச்சுங்க?

ஆறு நாப்பதா. சரி, நேரம் இருக்கு. கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் ஏறினேன், ஏழு இருபதுக்குச் சின்னப்புதூர் போயிடும்னாரு. ஏழரைக்கு ராகு காலம். நடுவுல பத்து நிமிஷம் கையில இருக்கு. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிஷம் போதாதுங்களா? கைக்கடியாரத்தையும் போனையும் அவசரத்துல மேசை மேலயே வச்சுட்டு வந்துட்டேன், அதான் உங்களைக் கேக்கறேன். வழியில இன்னும் ரெண்டு மூணு தரம் கேப்பேன், கோவிச்சுக்காதீங்க.

பை மடியிலயே இருக்கட்டுங்க. கீழ வைக்கிற சாமான் இல்லை. வெத்தலை பாக்கு, ஒரு சீப்பு பூவம்பழம், எம்பொண்ணு கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு வச்சாச்சு. அடுத்தது தாய்மாமனுக்கு. அவனுக்குக் குடுக்காம வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. தை இருபத்தி நாலு முகூர்த்தம், இன்னைக்குத் தை அஞ்சு. மிச்சம் பத்திரிகை அத்தனையும் கட்டுப் பிரிக்காம பீரோ மேல கெடக்கு.

கல்யாண வீட்டுக்காரன் இப்படி பஸ்ல இடிபட்டுப் போறானே, ஒரு கார் கூட இல்லையான்னு நினைப்பீங்க. கார் இருக்குங்க. வெள்ளைக் கார். ரிட்டையர் ஆன காசுல ஐப்பசியில வாங்கினேன். இப்பவும் வாசல்லதான் நிக்குது, நாலு டயர்லயும் முப்பத்திரண்டு பாயிண்டு காத்தோட. கார்ல வந்தா வாசப்படி ஏறாதீங்கன்னு என் சம்சாரம் போன்ல சொல்லிட்டா. அவ பூங்கோதை. ரெண்டு வாரமா தம்பி வீட்டுல இருக்கா. அந்தத் தம்பிதான் எம்பொண்ணுக்குத் தாய்மாமன். அவனைப் பாக்கத்தான் போறேன்.

எல்லாம் காத்தால வந்த வினை. நான் வேணும்னு ஒண்ணும் பண்ணலைங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

என் பேரு ஞானசுந்தரம். எடை அளவு ஆபீசுல ஆய்வாளர், முப்பத்தோரு வருஷ சர்வீஸ். நான் ஜீப்பை விட்டு இறங்கினேன்னா சந்தையில பாதிப் பேரு தராசைத் திருப்பிப் போட்டுத் துடைக்க ஆரம்பிச்சிடுவாங்க. தட்டுக்கு அடியில புளி ஒட்டி வச்சவன், படிக்குள்ள மெழுகு ஊத்தினவன், எல்லாரையும் பாத்தாச்சு. புடிச்சா, அத்தனை பேரும் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவான். நான் ஒண்ணுதான் சொல்லுவேன். மனுஷன் பொய் சொல்லுவான்யா, அளவு பொய் சொல்லாது. இதை எங்க வீட்டுல சோத்துக்கு உப்பு கம்மின்னாலும் சொல்லுவேன், பூங்கோதைக்குக் காது புளிச்சுப் போச்சு.

அப்படிப்பட்டவன் கார் வாங்கினா சும்மா இருப்பனுங்களா? காத்துப் பாக்கற கருவி ஒண்ணு வாங்கினேன். கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், முப்பத்திரண்டு பாயிண்டுன்னு. டயர் குளிர்ந்திருக்கும்போது பாக்கவும்னு பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருந்தான். அது பனி பெய்யற நாட்டுக்காரனுக்குச் சொன்னது, ஆத்தூருக்கு என்னங்க குளிரு? அதை விட்டுட்டேன். முப்பத்திரண்டை மட்டும் புடிச்சுக்கிட்டேன்.

தினம் காலையில காபி குடிச்சுட்டு, சரியா எட்டு மணிக்குக் காத்துப் பாப்பேன். நாலு டயரும் பாத்து அந்தந்த நாள் காலண்டர் தாள்ல எழுதிடுவேன். திங்கக்கிழமை மட்டும் எட்டு மணிக்குப் பாக்க முடியாது. திங்கள் ஏழரை ஒன்பது ராகு காலம். ராகு காலத்துல நான் பல்லு குத்த மாட்டேங்க, காரைத் தொடுவனா? அதனால திங்கள்ல ஏழு மணிக்கே நானும் பூங்கோதையும் சந்தைக்குக் கிளம்பிடுவோம். எட்டு மைல். சந்தை மேட்டுல வெயில்ல கார் நிக்கும். ஒரு மணிக்கு வீடு திரும்பி, வந்த கையோட காத்துப் பாத்துருவேன்.

இப்பக் கவனமாக் கேளுங்க. மத்த நாள்ல முப்பத்திரண்டு. திங்கக்கிழமை பாத்தா முப்பத்தாறு காட்டும். நாலு டயரும் முப்பத்தாறு! நான் என்ன நினைச்சேன்னா, அடைச்சு வச்ச காத்து வாரம் பூரா ஊறி, இட்லி மாவு மாதிரி பொங்கிடுது போலன்னு. சரி, அதிகப்படி எதுக்குன்னு, சாவி முனையால அமுக்கி, டயருக்கு நாலு பாயிண்டு புஸ்ஸுன்னு இறக்கிடுவேன். முப்பத்திரண்டுக்குக் கொண்டாந்து வச்சுட்டுத்தான் கை கழுவிச் சாப்பிட உக்காருவேன். அளவுன்னா அளவா இருக்கணுமில்லைங்களா?

மறுநாள் செவ்வாக்கிழமை காலையில எட்டு மணிக்குப் பாத்தா இருபத்தெட்டு.

ஒரு வாரம்னா பஞ்சர் கடையில காத்தடிச்சுட்டு விட்டுடலாம். அடுத்த செவ்வா இருபத்தெட்டு, அதுக்கடுத்த செவ்வா இருபத்தெட்டு. அஞ்சு செவ்வா, சார். கார்த்திகை நடுவுல ஆரம்பிச்சு மார்கழி வரைக்கும். பஞ்சர்னா ஒரு டயர்ல இறங்கும், நாலுலயும் ஒரே அளவா இறங்குமா? பஞ்சர்னா புதன்கிழமையும் இறங்கும். இது திங்கக்கிழமை மத்தியானத்துக்கும் செவ்வாக்கிழமை காலைக்கும் நடுவுலதான் போகுது. சர்வீசுல இருந்தவன் மூளை சும்மா இருக்குமா? திங்கக்கிழமை நம்ம வீட்டுல தங்கறது யாருன்னு பாத்தேன்.

மணி என்னங்க? ஏழு அஞ்சா. வண்டி நல்லாத்தான் போகுது.

தங்கறது அங்கமுத்து. இவன்தான், பூங்கோதை தம்பி. ரெண்டு ஏக்கரா வச்சிருக்கான், மத்த நேரம் நெல்லறுக்கற மிஷின் ஓட்டுவான். திங்கக்கிழமை சந்தைக்குக் கத்திரிக்காய் கொண்டு வருவான் மொபெட்ல. வித்துட்டு எங்க காய்கறி மூட்டையை எல்லாம் அவனே தூக்கிக் கார்ல ஏத்துவான். அப்புறம் வீட்டுக்கு வந்து கல்யாண வேலையப் பாப்பான். பந்தக்காரன், சமையக்காரன், நாதஸ்வரம் எல்லாத்தையும் பேசி முடிச்சது அவன்தான். அன்னைக்கு அங்கயே படுத்துட்டு, செவ்வாக்கிழமை காலையில அஞ்சு மணிக்கே கிளம்பிடுவான். அஞ்சு மணிக்கு! தோட்டத்துக்குத் தண்ணி கட்டணும்னு சொல்லுவான். எட்டு மணிக்கு நான் கருவியோட வர்றப்ப ஆள் இருக்க மாட்டான்.

இன்னொண்ணு. அவன் மொபெட் டயரை ஒரு நாள் சும்மா அமுக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. கத்திரிக்காய் மூட்டை ஏத்தற வண்டிக்கு அவ்வளவு காத்து எங்கிருந்து வரும்?

காரணமும் இருக்குங்க. மூணு வருஷத்துக்கு முன்ன அவன் பையனுக்கு எம்பொண்ணு சுபாஷிணியைக் கேட்டான். முறை இருக்கு, கேட்டது தப்பில்லை. நான்தான் பையன் படிப்பு பத்தலைன்னு தட்டிக் கழிச்சேன். அதுக்கப்புறம் ஒரு நாளாவது முகம் சுளிச்சானா? இல்லை. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனப்ப பதினோரு நாள் ஆஸ்பத்திரியில தரையில படுத்துக் கெடந்தான். பொங்கச் சீர் ஒரு வருஷம் தவறினதில்லை. நீங்களே சொல்லுங்க, இவ்வளவு நல்லவனா ஒருத்தன் இருந்தா சந்தேகம் வராதுங்களா?

ஏனுங்க, வண்டி ஏன் நிக்குது? கொஞ்சம் சன்னல் வழியா எட்டிப் பாருங்க.

கிழங்கு டிராக்டரா? ஜவ்வரிசி மில்லுக்குப் போற மரவள்ளிக் கிழங்கு. ஆனை அளவுக்கு ஏத்தியிருக்கான். டயர் போயி ரோட்டுக்குக் குறுக்கால உக்காந்துட்டானா? எடுக்கறப்பவே காத்துப் பாத்திருக்க மாட்டான். இந்த ஊர்ல எவனுமே பாக்கறதில்லைங்க, நான் ஒருத்தன் பாத்து என்ன பண்றது.

சரி, எடுத்துடுவாங்க. நீங்க கேளுங்க.

மார்கழிக் கடைசி. திங்கக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி. காலண்டரைப் பாத்துட்டேன், ராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கோம். பந்தக்காரனும் கூட இருக்கான். பூங்கோதை பரிமாறறா. நான் நேரா திருடன்னு சொல்லலைங்க. அப்படியெல்லாம் பேசற ஆளில்லை நான். ஆபீசுல நோட்டீஸ் குடுக்கற மாதிரி மரியாதையாத்தான் கேட்டேன்.

"மாப்ளை, வண்டிக்குக் காத்து வேணும்னா கேட்டு எடுத்துக்கலாம். கேக்காம எடுக்கறதுதான் தப்பு."

அவனுக்கு மொதல்ல புரியலை. நான் அஞ்சு வாரத்துக் காலண்டர் தாளையும் எடுத்து, சோத்து இலைக்குப் பக்கத்துல வச்சு, அளவைப் படிச்சுக் காட்டினேன். பந்தக்காரன் வாயில வச்ச அப்பளத்தைக் கடிக்காம அப்படியே இருந்தான். அங்கமுத்து தாளைப் பாத்தான், என்னைப் பாத்தான். பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுட்டான்.

"மாமா, நான் உங்க வீட்டுல சோறு தின்னுருக்கேன். காத்துத் தின்னதில்லை."

அவ்வளவுதான் சொன்னான். கையைக் கழுவினான். வாசல்ல போயி மொபெட்டை எடுக்கறப்ப, காத்துத் திருடின கையால பொண்ணுக்குப் பட்டம் கட்டினா நல்லா இருக்காது, வேற ஆளைப் பாத்துக்குங்கன்னு பூங்கோதைகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டான். எங்கள்ல தாய்மாமன் வந்து நெத்தியில பட்டம் கட்டி, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் பொண்ணு மேடை ஏறும். இருக்கறது ஒரே தாய்மாமன். வேற ஆளுக்கு நான் எங்க போறது?

பூங்கோதை சாயங்காலம் பொட்டியக் கட்டிட்டா. திட்டாமக் கட்டினதுதான் எனக்குப் பயமாப் போச்சு. சாதாரணமா அவ திட்டுவாளுங்க, நல்லாத் திட்டுவா. பொண்ணு மட்டும் சொல்லுச்சு, மாமா வராம நான் மேடை ஏற மாட்டேன்ப்பா, நீங்களும் உங்க கருவியும் போயி உக்காந்துக்குங்கன்னு.

மணி? ஏழு இருபதா? ஐயோ. கண்டக்டர் சார், எவ்வளவு நேரமாகும்? ஜாக்கி வரணுமா? எங்கிருந்து?

அதுக்கடுத்த திங்கள் வந்துச்சு. தனியாத்தான் சந்தைக்குப் போனேன். அங்கமுத்து வரலை. மூட்டையை நானே தூக்கினேன், இடுப்பு புடிச்சுக்கிச்சு. மத்தியானம் வந்து பாத்தேன், முப்பத்தாறு. வழக்கம் போல நாலு இறக்கினேன். இப்ப ஆளைக் கையும் களவுமாப் புடிக்கணுமில்ல? இருட்டறதுக்கு முன்னால காரைச் சுத்திக் கோலமாவைத் தூவி வச்சேன். கேட்டைப் பூட்டினேன். எவன் வந்தாலும் கால் தடம் விழணும்.

காலையில எட்டு மணிக்குப் போனேன். தடமே இல்லை. ஒரு அணில் மட்டும் குறுக்க ஓடியிருந்துச்சு. கருவியை வச்சேன். இருபத்தெட்டு. நாலும் இருபத்தெட்டு.

ஓடிப் போயிக் கேட்டைப் பாத்தேன், பூட்டு போட்டபடியே இருந்துச்சு. வராமலே எடுக்கறானே! செய்வினை கிய்வினைன்னு ஒரு நிமிஷம் மனசு அங்க கூடப் போச்சு. சிரிக்காதீங்க சார், அந்த இடத்துல நீங்க இருந்தாத் தெரியும். அணில் மேல எல்லாம் சந்தேகப்பட முடியாது.

நேரா பைபாஸ்ல ஆரோக்கியமேரி கடைக்குப் போனேன். பஞ்சர் கடை. புருஷன் லாரிக்குப் போறான், கடையை அந்தம்மாதான் பாக்குது. செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை நான் காத்தடிக்கப் போறது அங்கதான். இத்தனை வாரமா ஒண்ணும் கேக்காத பொம்பளை, அன்னைக்குக் கேட்டுச்சு. ஏன் சார், செவ்வா மட்டும் வர்றீங்கன்னு. சொன்னேன். ஆதியோட அந்தமாச் சொன்னேன், உங்ககிட்டச் சொல்ற மாதிரியே. அந்தம்மா ஸ்பானரைக் கீழ வச்சுட்டு, ஒரு பழைய டயர் மேல உக்காந்துக்கிச்சு.

"திங்கக்கிழமை மத்தியானம், கொதிக்கிற டயர்ல நாலு பாயிண்டு புடுங்கினது யாரு சார்?"

அதிகப்படியைத்தாம்மா எடுத்தேன்னேன்.

"அது அதிகப்படி இல்லை. அது சூடு."

வண்டி ஓடினா டயர் சூடாகுமாம். வெயில்ல நின்னா இன்னும் சூடாகுமாம். சூடானா உள்ள இருக்கற காத்து விரிஞ்சு கருவியில கூடக் காட்டுமாம், காலைப் பனிக்குச் சுருங்கினா பழைய அளவுக்கே வந்துடுமாம். காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னால பாக்கறதுதான் அளவாம். இதை லாரிக் கிளீனர் கூடச் சொல்லுவான் சார்னு அந்தம்மா சொல்லுச்சு. நான் ஒத்துக்கலை. முப்பத்தோரு வருஷம் அளவு பாத்தவன்மா நான்னேன். சரி, பாத்துடலாம்னு என் கருவியை வாங்கி அதும் முந்தானையில முடிஞ்சுக்கிச்சு. நாலு டயர்லயும் முப்பத்திரண்டு வச்சு, மத்தியானம் வெயில்ல ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க, வால்வை மட்டும் தொட்டுடாதீங்கன்னு சொல்லி அனுப்புச்சு.

ஓட்டிட்டு வந்தேன். முப்பத்தாறு. எனக்குக் கை துறுதுறுன்னுது. அந்தம்மா முறைச்சுப் பாத்துச்சு, விட்டுட்டேன். புதன்கிழமை காலையில கருவியை எடுத்துக்கிட்டு அதுவே எங்க வாசலுக்கு வந்துச்சு. நீங்களே பாருங்கன்னு கையில குடுத்துச்சு. பாத்தேன்.

முப்பத்திரண்டு. நாலும் முப்பத்திரண்டு. யாரும் அடிக்கலை, யாரும் எடுக்கலை.

கருவியில கோளாறான்னு அந்தம்மா கருவியிலயும் பாத்தேன். அதுவும் முப்பத்திரண்டு. அளவு பொய் சொல்லலைங்க. அதை மட்டும் நான் இன்னைக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன். எந்த நேரத்துல பாத்தோம்கிறதுலதான்... சரி, அது போகட்டும். பொதுவாப் பாத்தா, திங்கக்கிழமை காத்தை எடுத்தது நான்தான்னு ஆகுது. ஆனா என் கார், என் காத்து, நான் எடுத்தா அது திருட்டாகுங்களா? ஆகாதில்லை?

அன்னைக்கே பூங்கோதைக்குப் போன் போட்டேன். உன் தம்பி மேல தப்பில்லைன்னு விசாரணையில தெரிய வந்திருக்குன்னேன். என்கிட்டச் சொல்லாதீங்க, அவன்கிட்ட நேர்ல வந்து சொல்லுங்க, பஸ்ல வாங்கன்னா. தப்புப் பண்ணிட்டேன்கிற வார்த்தை வரணும், சுத்தி வளைச்சீங்கன்னா நானே கதவைச் சாத்திடுவேன்னா.

போகத்தான் பாத்தேன். வியாழன் பொங்கல், தெற்கே சூலம் வேற, சின்னப்புதூர் தெற்கால இருக்கு. வெள்ளி மாட்டுப் பொங்கல். சனி கரிநாள். ஞாயிறு கார் கழுவற நாள். அந்தப் பொங்கலுக்கு எங்க வீட்டுல பால் பொங்கலைங்க. பொண்ணு அடுப்பை மூட்டுச்சு, நான் பக்கத்துல நின்னேன், பால் கீழ அடிபுடிச்சுப் போச்சு. சீர் கொண்டுக்கிட்டு எவனும் வரலை. கரும்பு ரெண்டு நானே வாங்கி நானே சாத்தி வச்சேன். வாசல் பக்கம் மொபெட் சத்தம் கேக்கும் போதெல்லாம் எந்திரிச்சுப் போயிப் பாத்தேன், பால்காரன்.

நேத்துப் பூங்கோதை போன் போட்டா. அங்கமுத்து தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக்குப் போறான், மிஷின் முன்னாலயே போயிடுச்சு, இன்னைக்குத் திங்கக்கிழமை எட்டரை மணிக்குப் பஸ் ஏறுவான், போனா மாசி பொறந்துதான் வருவான்னா. நான் அவனை நில்லுன்னு சொல்ல மாட்டேன், என் தம்பிக்கு ரோசம் இருக்கு, உங்களுக்குப் பொண்ணு வேணும்னா அதுக்குள்ள வாங்கன்னு வச்சுட்டா.

அதான் இந்த பஸ். ஏழு இருபதுக்கு இறங்கினா, ராகு காலம் பொறக்கறதுக்குள்ள சொல்லி முடிச்சுடலாம்னு பாத்தேன். ராத்திரி பூரா வார்த்தையை யோசிச்சு வச்சிருக்கேன். "மாப்ளை, காத்து சம்பந்தமா ஒரு சின்ன அளவுப் பிழை ஏற்பட்டுப் போச்சு." எப்படி இருக்குங்க?

நல்லா இல்லையா? ஏங்க?

ஆபீஸ் கடுதாசி மாதிரியா இருக்கு. ம்.

மணி? எட்டா. போச்சு. ராகு காலம் பொறந்து அரை மணி ஆகுது. இந்தக் கிழங்கு டிராக்டர்க்காரன் நல்லா இருப்பானா? காத்துப் பாக்காத ஒருத்தனால, காத்துப் பாத்த நான் கெட்டேன்.

அப்பாடா, நகர்த்திட்டாங்க. போகட்டும் போகட்டும்.

இப்ப போயிச் சேர எட்டே காலாகும். எட்டரைக்கு அவன் ஏறிடுவான். எட்டேகால்ல இருந்து ஒன்பது வரைக்கும் டீக்கடையில உக்காந்துட்டு, ஒன்பதுக்கு மேல பேசலாம்னா ஆள் துறையூர் தாண்டிப் போயிடுவான். ராகு காலத்துல பேசினா விளங்காது. எங்கப்பா ராகு காலத்துல கையெழுத்துப் போட்டுத்தான் ஒரு வெள்ளாமைக் காடு கைவிட்டுப் போச்சு. அறுபது வருஷமா இந்த உடம்பு ராகு காலத்துல ஒரு நல்ல காரியம் பண்ணினதில்லை. பொண்ணு கல்யாணப் பத்திரிகையை எடுத்து ராகு காலத்துல நீட்டறதா? நீங்க என்ன சொல்றீங்க?

என்னது? அங்கமுத்துவைக் கேட்டது எந்த நேரத்துலன்னா கேக்கறீங்க?

அதான் சொன்னேனே. ரெண்டு மணி. ராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை. காலண்டர் பாத்துட்டுத்தான்...

ம்.

நல்ல நேரம் பாத்துத்தான் பேசினேன். பேசி இந்த லட்சணம்.

சரி சார். நான் அந்த வார்த்தையை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கறேன். வாய்க்கு வர மாட்டேங்குதுங்க. முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்களைத்தான் அதைச் சொல்ல வச்சேன். தராசைத் திருப்பிப் போட்டு, புளியைக் காட்டி, இப்பச் சொல்லுன்னு நிப்பேன். அவங்களும் ரோட்டுல நாலு பேர் பாக்க நின்னு சொல்லுவாங்க. எப்படித்தான் சொன்னாங்களோ தெரியலை. 

இது என்ன ஊரு? புளியமரத்துக்கு அந்தாண்டை... சின்னப்புதூர் நிறுத்தம்தான். அதோ நிக்கறான் பாருங்க. தோள்ல பை, பச்சைத் துண்டு. அவன்தான். நம்ம பஸ் லேட்டா வந்ததுல இதுலயே ஏறலாம்னு கையைக் காட்டறான். பக்கத்துல சோத்துத் தூக்குப்போசியோட நிக்கறவதான் பூங்கோதை. வர்ற வண்டியெல்லாம் பாத்துக்கிட்டு நின்னிருப்பா போல. எளைச்சுட்டா.

கண்டக்டர், கண்டக்டர், நிறுத்துங்க, இறக்கம் இருக்கு. அந்தப் பச்சைத் துண்டுக்கு இப்பச் சீட்டுக் கிழிச்சுடாதீங்க, ஒரு நிமிஷம் பொறுங்க.

சார், கொஞ்சம் காலை மடக்குங்க. பழம் நசுங்கிடப் போகுது. பத்திரிகை மேலாக இருக்கா? மஞ்சள் தடவின பக்கம் அவன் பக்கமா இருக்கணும். தப்புப் பண்ணிட்டேன் மாப்ளை. நான்தான் எடுத்தேன், உன்னைச் சொல்லிட்டேன், வந்து பட்டம் கட்டு. இவ்வளவுதானுங்களே? போதுமில்லை?

ஏங்க போனை எடுக்கறீங்க? உள்ள வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மணி மட்டும் சொல்லிடாதீங்க.